ஐம்பத்தொரு சிவப்பு எலும்புகள்

துனுக் ஒற்றைக் கம்பளிக் காலுறையை மேசைமேல் கவிழ்த்தாள். சிவப்புச் சாயம் பூசிய ஆட்டுக் கணுக்கால் எலும்புகள் கடகடவென்று கொட்டின. இரண்டு உருண்டுபோய்த் தரையில் விழுந்தன. குனிந்து அவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அனார்குல் எண்ணினாள். ஐம்பத்தொன்று. நம்பாமல் மறுபடி எண்ணினாள். ஐம்பத்தொன்றேதான்.

அவளுடைய நோட்டில் துனுக்கின் பெயருக்கு எதிரே நான்கே கோடுகள். ஜனவரியிலிருந்து இந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அவள் கொடுத்தது நான்கு எலும்புகள். நூர்சுலூவுக்குக் கொடுத்தது இருபத்திரண்டு. ஆனால் நூர்சுலூ கொண்டுவந்து வைத்த பூப்போட்ட பைக்குள் கிடந்தவை மூன்று.

"எங்கேருந்து எடுத்த?" என்று கேட்டாள் அனார்குல். அது போதாதென்று, "திருடினியா?" என்றும் கேட்டுவிட்டாள்.

துனுக்கின் முகம் சுண்டிப்போனது. "ஜெயிச்சேன் எஜே," என்றாள். அந்த மூன்றாம் வகுப்பில் இருபத்து நான்கு பேரும் ஆசிரியையை அக்கா முறை வைத்து எஜே என்றுதான் கூப்பிட்டார்கள்.

"எங்க ஜெயிச்ச?"

"கரிக்கொட்டகைக்குப் பின்னாடி," என்று முதல் பெஞ்சிலிருந்து எர்போல் பதில் சொன்னான். "வட்டம் போட்டு எலும்ப வச்சு ஆடுவோம் எஜே. வெளிய அடிச்சுத் தள்ளினவங்களுக்கு அந்த எலும்பு. என்னோடது ஒன்பதும் போச்சு."

"என்னோடது பன்னெண்டு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல், பெருமைபோல.

"அவ அடிகாயை விட்டா குறி தப்பாது எஜே. நூர்சுலூ அழுதுகிட்டே ஆடினா. நிறுத்துடின்னு சொன்னோம், கேக்கல."

"நான் ஒண்ணும் அழல," என்றாள் நூர்சுலூ. "கண்ணுல கரித்தூள் விழுந்துச்சு."

வகுப்பு சிரித்தது. துனுக் சிரிக்கவில்லை. "என் படம்தானே வைப்பீங்க எஜே?" என்று கேட்டாள். "யார் பையில அதிகமா இருக்கோ அவங்க படம்னு சொன்னீங்க."

சொன்னாள்தான். மார்ச்சில் வரும் நூருஸ் பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை யாருடைய பையில் அதிக எலும்பு இருக்கிறதோ, அவர்களுடைய படம் பள்ளி நடைவழியில் இருக்கும் கௌரவப் பலகையில் ஏறும் என்று ஜனவரியில் இதே மேசைக்குப் பின்னால் நின்று சொன்னவள் அவள்தான்.

"திங்கக்கிழமை பாக்கலாம்," என்றாள். பிள்ளைகள் எதிரில் தன் சொல்லைத் தானே மெல்லுவது அவளுக்கே கேவலமாக இருந்தது.

இந்தக் கூத்து தொடங்கியது தலைமையாசிரியை ராக்கியாவிடமிருந்து. குளிர்கால விடுமுறையில் நாரின் நகரத்தில் இரண்டு நாள் பயிற்சி என்று போனவள், மினுங்கும் கோப்போடு திரும்பினாள். இனி யாரையும் திட்டக் கூடாதாம். நல்லது செய்தால் உடனுக்குடன் ஒரு நட்சத்திரம் கொடுக்க வேண்டுமாம். எதெல்லாம் நல்லது என்ற பட்டியலும் அந்தக் கோப்பிலேயே இருந்தது. மணி அடிக்குமுன் வருவது, காலர் வெள்ளையாக இருப்பது, கையைத் தூக்கிவிட்டுப் பேசுவது, சக மாணவருக்கு உதவுவது. மார்ச்சில் மாவட்டத்திலிருந்து குழு வந்து பார்க்கும். நட்சத்திர ஒட்டிகளை ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் ராக்கியா கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தன் சம்பளத்தில் ஒட்டி வாங்க அனார்குல்லுக்கு மனம் வரவில்லை. அப்பா வீட்டில் ஒரு சாக்கு நிறைய எலும்பு கிடந்தது. மேய்ப்பன் வீட்டில் வேறு என்ன கிடக்கும். நட்சத்திரத்துக்குப் பதிலாக இருக்கட்டும் என்று, கதவுக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்புச் சாயத்தில் அவற்றைத் தோய்த்துக் காயவைத்தாள். படம் எடுத்து ஆசிரியர் வாட்ஸப் குழுவில் போட்டபோது எல்லோரும் இதயம் போட்டார்கள். நம் மண்ணின் பொருள், என்ன யோசனை, என்ன யோசனை என்று மெச்சினார்கள்.

ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? அந்தக் குழுவில் எலும்பு ஆடாமல் வளர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. அனார்குல்லின் இடது பெருவிரல் நகம் இன்றைக்கும் கோணலாக இருப்பது ஆறு வயதில் அண்ணன் விட்ட அடிகாயால்தான். மாட்டெலும்பைத் துளைத்து ஈயம் ஊற்றிய காய் அது. எலும்பு என்றால் ஆட்டம், ஆட்டம் என்றால் தோற்றவன் கையிலிருப்பதை வைத்துவிட்டுப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், பிள்ளைகள் கையில் எலும்பைக் கொடுத்துவிட்டு, அதைப் பத்திரமாகப் பையில் போட்டு வைப்பார்கள் என்று ஒரு பட்டதாரி நம்பியிருக்கிறாள்.

இடைவேளையில் அவள் ஏன் கரிக்கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை? நன்னடத்தை வளர்ச்சி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலைக்குள் செய்தி ராக்கியாவின் அறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நூர்சுலூவின் அம்மாவுக்கு ஊராட்சி அலுவலகத்தில் வேலை. அவளுடைய போன் சும்மா இருக்காது.

"வகுப்புல சூதாட்டம் நடத்துறியாமே தங்கச்சி," என்றாள் ராக்கியா. தேநீர்க் கிண்ணத்தை நீட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். அவள் அப்படித்தான்.

"சூதாட்டம் இல்ல, எலும்பாட்டம். நீங்களும் ஆடினவங்கதான் எஜே."

"நான் ஆடினது தெருவுல. சரி விடு. நோட்டுல யாருக்கு அதிகம்?"

"நூர்சுலூக்கு."

"அப்ப முடிஞ்சது. அந்தப் பிள்ளை படத்த வை. நல்ல பிள்ளை, பாக்கவும் லட்சணமா இருக்கும்."

"நோட்டுல இருக்கறதுன்னு நான் சொல்லலயே. பையில இருக்கறதுன்னு சொன்னேன்."

"பிள்ளைங்ககிட்ட சொன்னதுதானே. கோர்ட்டுலயா சொன்ன?" ராக்கியா தேநீரை ஊதினாள். "அந்தத் துனுக்கு முப்பது நாள் லேட்டு. அவ படத்த மாட்டி, கீழ நன்னடத்தைன்னு எழுதி, குழுக்காரங்க எதிர்ல என் மூஞ்சில கரி பூசப்போறியா? உன் ஒப்பந்தம் ஜூன் வரைக்கும்தான். மறந்துடாத."

அனார்குல் மறக்கவில்லை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா இரண்டு மாடு விற்றுத்தான் நாரினுக்கு அனுப்பினார். இந்த வேலை போனால் அவள் மட்டுமா தோற்றாள், அந்த மாடுகளும் தோற்றதாக ஆகும்.

வீட்டுக்குப் போய் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மூன்று மாதமாக அவளே போட்ட கோடுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணமும் அவளே எழுதியிருந்தாள். ஒருமுறைகூட அதைச் சேர்த்துப் படித்ததில்லை.

நூர்சுலூவின் இருபத்திரண்டில் பதினான்கு, காலருக்கு. அந்தக் காலரை வெளுத்து இஸ்திரி போட்டவள் நூர்சுலூவின் அம்மா. நியாயமாகப் பார்த்தால் பதினான்கு எலும்பும் அந்த அம்மாவுக்குப் போயிருக்க வேண்டும். வகுப்பில் எட்டுப் பேருடைய அம்மாக்கள் ருஷ்யாவில் வேலை செய்கிறார்கள். அந்த எட்டுப் பேருக்கும் சேர்த்து அவள் கொடுத்திருந்தது பத்தொன்பது. துனுக்கின் நான்கில் ஒன்று, பனிக்கட்டி மேல் வழுக்கிய முதல் வகுப்புப் பிள்ளையை முதுகில் சுமந்து வந்ததற்கு. அதற்கும் ஒன்று, துவைத்த காலருக்கும் ஒன்று. இதுதான் அவள் நிறுத்த நிறுவை.

நோட்டைத் தூக்கி அடுப்பில் போடலாமா என்று இருந்தது. போடவில்லை. போட்டால் தான் செய்தது தனக்கே மறந்துபோகும்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குச் சுற்றுவழியாக, பாலத்துப் பக்கமாக நடந்தாள். ஊர் மந்தை சேரும் இடம் அது. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்காரர் முறை போட்டுக்கொண்டு ஊர் ஆடுகளை மேய்ப்பார். துனுக் ஐந்து வீட்டு ஆடுகளை ஓட்டிவந்து நிறுத்திக்கொண்டு நின்றாள். அவளும் பெரியம்மாவும்தான் வீட்டில். பெரியம்மாவுக்கு முழங்கால் மடங்காது.

பாலத்தின் கைப்பிடிக் கம்பிக்குக் கீழே ஒரு தகர டப்பா இருந்தது. துனுக் பதினைந்தடி தள்ளி நின்று கூழாங்கல்லை விரலிடுக்கில் வைத்துச் சுண்டினாள். டங். இன்னொன்று. டங். மூன்றாவதை எடுத்தபோது ஆசிரியையைப் பார்த்துவிட்டுக் கையை மறைத்தாள்.

"இன்னிக்கு முறை யாரோடது?" என்று கேட்டாள் அனார்குல்.

"சமத் மாமாவோடது. நேத்து கல்யாணத்துக்குப் போயிருந்தாரு. லேட்டாத்தான் வருவாரு."

"வர்ற வரைக்கும் நிப்பியா?"

"விட்டுட்டு வந்தா ஆடு அடுத்தவன் வைக்கோல்ல வாய் வைக்கும் எஜே. பெரியம்மாவத்தான் திட்டுவாங்க."

தினமும் காத்திருக்கிறாள். காத்திருக்கும் நேரத்தில் கல் சுண்டுகிறாள். தாமதமும் குறியும் இந்தப் பாலத்திலேயே விளைந்தவை. ஒன்றுக்காக அனார்குல் கோடு போடாமல் விட்டாள். மற்றொன்று அவளுக்குத் தெரியவே தெரியாது. பன்னிரண்டு வயது வரை இதே பாலத்தில் நின்றவள்தான் அனார்குல். நாரினில் நான்கு வருடம் குதிகால் செருப்பு போட்டு நடந்ததும், பிள்ளைகள் சோம்பேறித்தனத்தால்தான் தாமதமாக வருகிறார்கள் என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

"வெள்ளிக்கிழமை உன்கிட்ட திருடினியான்னு கேட்டது தப்பு," என்றாள்.

துனுக் தோளைக் குலுக்கினாள். அவளுக்கு வேறு கவலை. "படம் எப்ப வைப்பீங்க எஜே?"

"உனக்கு ஏன்டி அந்தப் படம் மேல இவ்வளவு?"

"படம் இல்ல எஜே. சேதி." துனுக் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள், ஆடுகளுக்குக் கேட்டுவிடும்போல. "அபாகிட்ட சுயுஞ்சு கேக்கணும்."

அபா என்றால் அவளுக்கு அம்மா. நல்ல செய்தி கொண்டுவருகிறவன் வாசலிலேயே நின்று சுயுஞ்சு என்று கத்துவான். கேட்கிறவன் ஆகட்டும் என்று சொல்லி, கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் செய்தி. அந்த ஊரில் பேச்சு வருமுன்னே பிள்ளைகளுக்கு இந்த வழக்கம் வந்துவிடும்.

"ஆகட்டும்னு ஒருதடவ சொல்லிட்டா மாத்தக் கூடாதுல்ல எஜே?"

"மாத்தக் கூடாது."

"சின்ன சேதிக்குப் பெரிசா கேக்க முடியாது. பல்லு விழுந்ததுக்குக் கேட்டேன், ஒரு தொப்பி அனுப்புச்சு. இது பெரிய சேதி. பலகையில படம்னா பெரிய சேதிதானே?" கையிலிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அபாவையே கேக்கப்போறேன். வீட்டுக்கு வந்துடுன்னு."

அவளுடைய அம்மா மாஸ்கோவில் ஒரு பெரிய கடையில் தரை துடைக்கப் போய் மூன்று வருடம் ஆகிறது. அனார்குல் சமத் மாமா வரும்வரை கூட நின்றாள். இரண்டு பேரும் தாமதமாகத்தான் பள்ளிக்குப் போனார்கள்.

வகுப்பில் நுழைந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பையில யாருக்கு அதிகமோ அவங்களுக்குன்னு நான் சொன்னேன். எப்படிச் சேக்கணும்னு சொல்லல. அது என் தப்பு, உங்க தப்பு இல்ல. துனுக் ஜெயிச்சா. படம் அவளோடது. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

"இல்ல எஜே," என்றான் எர்போல். "ஆனா அடுத்த தடவ அவ இடது கையாலதான் ஆடணும்."

சுவரில் ஒட்டியிருந்த நன்னடத்தைப் பட்டியலைக் கழற்றி மேசைக்குள் வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் துனுக்கை நிறுத்திப் படம் எடுத்தாள். காலர் பழுப்பாகத்தான் இருந்தது. கடன் வாங்கிய காலர் போட்டு எடுக்கலாம் என்று நூர்சுலூ தன்னுடையதை அவிழ்க்கப் போனாள். துனுக் வேண்டாம் என்றுவிட்டாள்.

மதிய இடைவேளையில், காலி வகுப்பில், அனார்குல் தன் போனில் மாஸ்கோவைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். திரையில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் தெரிந்தாள். பின்னால் அடுக்கடுக்காகச் சோப்புத்தூள் பெட்டிகள்.

"என்ன ஆச்சு? யாரு நம்பர்லேருந்து கூப்பிடுற? பெரியம்மாவுக்கு ஒண்ணும் இல்லயே?"

"சுயுஞ்சு, அபா."

அந்த முகம் தளர்ந்து சிரித்தது. "என் குதிரைக்குட்டி. ஆகட்டும், ஆகட்டும். என்ன வேணும் கேளு."

"நீ வீட்டுக்கு வா."

சோப்புத்தூள் பெட்டிகள் அசையாமல் நின்றன. எங்கோ ஒரு ஒலிபெருக்கி ருஷ்ய மொழியில் யாரையோ கூப்பிட்டது.

"வேற கேளுடா. பூட்ஸ் கேளு. போன் கேளு."

"நீ ஆகட்டும்னு சொல்லிட்ட."

"சொன்னேன்தான். காகிதமெல்லாம் மாத்திக்கிட்டு இருக்காங்க குட்டி, இப்ப எல்லை தாண்டினா திரும்ப உள்ள விடமாட்டாங்க. கோடையில பாக்கலாம். இல்லன்னா இலையுதிர் காலத்துல. சேதி என்ன, அதச் சொல்லு."

துனுக் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுவாள் என்று அனார்குல் ஓரடி முன்னால் வைத்தாள். துனுக் அழவில்லை. ஆட்ட வட்டத்தில் நிற்கும்போது இருக்கும் முகம் அது. ஒரு கண் லேசாகச் சுருங்கியிருந்தது.

"நீ வந்தப்புறம் சொல்றேன்," என்றாள்.

"ஏய், சொல்லுடி. மனசு அடிச்சுக்குது. நல்ல சேதிதானே?"

"ரொம்ப நல்ல சேதி. பல்லு மாதிரி இல்ல. வா, சொல்றேன்."

போனை அணைத்து ஆசிரியையிடம் கொடுத்தாள். அனார்குல் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று தேடிக்கொண்டிருந்தாள். துனுக் முந்திக்கொண்டாள்.

"எஜே, படத்த வைக்காதீங்க."

"ஏன்?"

"வச்சா எல்லாரும் பாப்பாங்க. பெரியம்மா போன்ல சொல்லிடும். இல்லாட்டி நூர்சுலூவோட அம்மா படம் எடுத்து அனுப்பிடும். அப்ப சேதி வீணாப் போயிடும். அபா வந்தப்புறம் வைங்க. அதுவரைக்கும் என் எடத்த யாருக்கும் குடுக்காதீங்க."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எர்போலும் இன்னும் நான்கைந்து பேரும் சட்டென்று விலகி ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுவதுக்கும் தெரிந்துவிட்டது.

பலகையில் மூன்றாம் வகுப்பின் படச்சட்டம் காலியாக இருப்பதைச் செவ்வாய்க்கிழமை ராக்கியா கண்டாள். அனார்குல்லைக் கூப்பிட்டாள்.

"படம் எங்க?"

"எடுத்து வச்சாச்சு. ஆனா இன்னும் மாட்டல."

"என்ன பேச்சு இது?"

"அது துனுக்கோட எடம். அவ சொல்லும்போது மாட்டுவேன்."

"பிள்ளை சொல்லும், நீ மாட்டுவ. அப்ப நான் எதுக்கு இங்க?" ராக்கியா ஒரு வெள்ளைத் தாளை மேசைமேல் தள்ளினாள். "விளக்கக் கடிதம் எழுதிக் குடு."

அனார்குல் நின்றபடியே எழுதினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் ஒரு சொல் கொடுத்தேன். அதைக் காப்பாற்றுகிறேன். வேறு விளக்கம் இல்லை. கையெழுத்தும் தேதியும் போட்டாள். எழுத்து நேராகத்தான் வந்தது. ராக்கியா அதைப் படித்துவிட்டுக் கோப்பில் செருகினாள். அந்தக் கோப்பை ஜூனில் திறப்பாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மாலையில் எல்லோரும் போனபின் ராக்கியாவே சட்டத்தில் நூர்சுலூவின் படத்தை மாட்டினாள். வெள்ளைக் காலர், இரண்டு பக்கமும் வெள்ளை ரிப்பன். லட்சணமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலையில் சட்டம் மறுபடி காலி.

"யாரு எடுத்தது?" ராக்கியாவின் குரல் நடைவழி முழுக்க ஓடியது. மாவட்டக் குழுவின் கார் வாசலில் வந்து நின்றுவிட்டிருந்தது.

"நான்தான்," என்றாள் நூர்சுலூ. படம் அவளுடைய பூப்போட்ட பைக்குள் இருந்தது, மூன்று எலும்புகளோடு. "நான் தோத்துட்டேன் எஜே. தோத்தவ வட்டத்துக்குள்ள நிக்கக் கூடாது."

"உங்கம்மாகிட்ட சொல்லவா?"

"சொல்லுங்க. அவங்களும் ஆடினவங்கதான்."

அதற்குமேல் பேச ராக்கியாவுக்கு நேரம் இல்லை. குழு உள்ளே வந்துவிட்டது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். மூன்றாம் வகுப்பு பலகைக்கு எதிரே வரிசையில் நின்றது. அந்தப் பெண்மணி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து காலிச் சட்டத்தின் முன்னால் நின்றாள்.

"இது ஏன் காலி? நன்னடத்தைக்கு உங்க வகுப்புல ஒருத்தர்கூட இல்லயா?"

அனார்குல் வாயைத் திறந்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். பெரியவர் ஒருவர் கேட்டால் முந்திக்கொண்டு கத்தும் கூட்டம் அது. ரகசியம் என்று எதையும் ஒரு நாள் வைத்திருந்ததில்லை. அதிலும் இப்படிப்பட்ட செய்தியை முதலில் கொண்டுபோய்க் கொடுத்தால் துனுக்கின் பெரியம்மாவிடமே ஒரு கை மிட்டாயாவது சுயுஞ்சு கிடைக்கும். இரண்டு நாளாக ஒருவரும் கேட்டு வாங்கவில்லை. இப்போதும் யாரும் கையைத் தூக்கவில்லை. எர்போல் தன் பூட்ஸ் நுனியை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"ஆள் இருக்கு," என்றாள் நூர்சுலூ கடைசியில். "ஆளோட அம்மா இன்னும் வரல."

"எப்ப வருவாங்க?"

"தெரியாது. சேதி இங்கதான் இருக்கு. வந்துதான் ஆகணும்."

பெண்மணிக்குப் புரியவில்லை. ராக்கியாவைப் பார்த்தாள். ராக்கியா அனார்குல்லைப் பார்த்தாள். அந்த நேரத்தில் வெளிக்கதவு படாரென்று திறந்தது. துனுக் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். முழங்கால்வரை சேறு, தலைமுடியில் வைக்கோல். மணி அடித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"இந்தப் பொண்ணு யாரு?" என்றாள் பெண்மணி. "ஏன் இவ்வளவு லேட்டு?"

வரிசை நெளிந்து நடுவில் ஓர் ஆள் இடம் விட்டது. துனுக் அதில் வந்து நின்றாள்.

"மூணாம் வகுப்புதான்," என்றாள் அனார்குல். "பாலத்துல வேலை இருந்துச்சு. முடிச்சிட்டு வந்திருக்கா."